'மெடீவல்' என்னும் சொல்லும் சாந்தோமில் எரிந்த விளக்கும்



அண்மையில் ஒரு நாள் மாலை மத்ரஸாவில் பாடம் முடிந்து பிள்ளைகள் கிதாபுகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி எழுந்து நின்று வினவினாள்: "உஸ்தாத், நாம மெடீவல் ஆளுங்களா?" அவளது பள்ளியில் நடந்த விவாதத்தில் எதிரணியைச் சேர்ந்த தோழி ஒருத்தி இவளது முக்காட்டைச் சுட்டி அச்சொல்லைச் சொல்லிவிட்டாளாம். சொன்ன தொனியிலிருந்து அது வசவு என்பது புரிந்தது, பொருள் புரியவில்லை. வீட்டுக்கு வந்து வரலாற்றுப் பாடநூலைத் திறந்தால் அங்கே ஒரு பகுதியின் தலைப்பாகவே அச்சொல் இருந்திருக்கிறது. "ஒரு காலத்தோட பேரு எப்படி உஸ்தாத் திட்டு ஆகும்?" என்று அவள் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அப்போதே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அடுத்த வாரம் சொல்கிறோம் என்று கூறி அனுப்பினோம். அவ்விடையைத் தேடியபோது கிடைத்தவற்றை இங்கே எழுதுகின்றோம். இதே கேள்வி வேறு பல இல்லங்களிலும் எழுந்திருக்கக் கூடும்; பல பெற்றோர்கள் நம்மைப் போலவே வாயடைத்து நின்றிருக்கவும் கூடும்.

சொல் பிறந்த இடம்

'மெடீவல்' என்பதன் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. 'நடுவில் உள்ள காலம்' என்பதே அதன் நேர்ப்பொருள். தமிழில் இடைக்காலம் என்றும் மத்திய காலம் என்றும் வழங்குகின்றோம். நடு என்றால் எதற்கும் எதற்கும் நடு? இந்தக் கேள்வியில்தான் அச்சொல்லின் வரலாறு அடங்கியிருக்கிறது.

14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், பண்டைய ரோமாபுரியின் கல்வியையும் மொழியையும் பெரிதும் நேசித்தவர். ரோமின் வீழ்ச்சிக்குப் பிந்திய நூற்றாண்டுகள் அவருக்கு இருளாகத் தோன்றின. அவருக்குப் பின் வந்தோர் அக்கருத்தை வளர்த்தனர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தோஃப் செல்லாரியுஸ் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் உலக வரலாற்றைப் பண்டைக் காலம், இடைக் காலம், புதிய காலம் என மூன்றாக வகுத்துப் பாடநூல்கள் எழுதினார். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் முதல் 1453 வரை அவருடைய இடைக்காலம் நீண்டது. 1453 என்பது சுல்தான் முஹம்மது அல்-ஃபாத்திஹ் கான்ஸ்டான்டினோபிளை வென்ற ஆண்டு. ஐரோப்பியருக்கு ஒரு காலத்தின் முடிவாகத் தெரிந்த அதே ஆண்டு, உஸ்மானியருக்கு ஒரு பெருங்காலத்தின் தொடக்கமாக இருந்தது.

ஆகவே இடைக்காலம் என்பது ஐரோப்பியர் தம் சொந்த வீட்டுக் கணக்குக்காகப் போட்ட கோடு. ரோமின் பெருமைக்கும் தம்முடைய பெருமைக்கும் நடுவே கிடந்த நூற்றாண்டுகளை, விரைவு ரயில் நிற்காமல் கடந்து செல்லும் சிறு நிலையங்களைப் போல அவர்கள் பார்த்தார்கள். அந்த நிலையங்களிலும் மனிதர்கள் வாழ்ந்தார்கள்; தாம் எதற்கோ நடுவில் இருக்கிறோம் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்ததில்லை. பக்தாதிலும் குர்துபாவிலும் கெய்ரோவிலும் அந்த நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இப்னு சீனாவின் மருத்துவ நூலை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பல நூற்றாண்டுகள் பாடமாக வைத்திருந்தன. இருள் என்று பெயரிடப்பட்ட காலத்திலிருந்தே அவர்கள் வெளிச்சம் இரவல் வாங்கினார்கள்.

இந்தியாவுக்கு வந்த விதம்

லத்தீனில் இருந்த கருத்து 'மெடீவல்' என்னும் ஆங்கிலச் சொல்லாக உருப்பெற்றது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஏறக்குறைய அதே வேளையில், 1817இல், ஜேம்ஸ் மில் என்பவர் பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றை எழுதினார். நம் நாட்டின் கடந்த காலத்தை இந்துக்களின் காலம், முஹம்மதியரின் காலம், பிரிட்டிஷாரின் காலம் என்று பிரித்தார். முதல் இரண்டையும் மதத்தின் பெயராலும் மூன்றாவதை நாட்டின் பெயராலும் அழைத்தார். தம்முடைய காலத்தைக் கிறிஸ்தவர் காலம் என்று அவர் எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மில் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்தவரல்லர். இந்திய மொழி எதையும் கற்றவருமல்லர். இவை குறையல்ல, நடுநிலைக்குத் துணை என்றே தம் முன்னுரையில் வாதிட்டார். இந்தியாவை ஆள அனுப்பப்பட்ட கம்பெனி அதிகாரிகள் பயின்ற ஹெய்லிபரி கல்லூரியில் அந்நூல் பாடமாயிற்று. பின்னர் ஹென்றி எலியட்டும் ஜான் டௌசனும் பாரசீக வரலாற்று நூல்களிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை மொழிபெயர்த்தவை 1867 முதல் 1877 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தன. முந்தைய ஆட்சியாளர்களின் கொடுமையைப் படித்தால் பிரிட்டிஷ் ஆட்சியின் நன்மையை மக்கள் உணர்வார்கள் என்பதை எலியட் மறைக்காமலேயே எழுதினார். எதைத் தேர்வது, எதை விடுவது என்பதை அந்நோக்கமே முடிவு செய்தது.

காலப்போக்கில் மதப் பெயர்கள் பொருத்தமற்றவை என உணரப்பட்டுப் பண்டைக் காலம், இடைக் காலம், நவீன காலம் என்று பெயர்கள் மாற்றப்பட்டன. ஆனால் பலகையை மாற்றியவர்கள் சுவரை மாற்றவில்லை. 'முஹம்மதியர் காலம்' என்ற அறையின் மேலேயே 'இடைக் காலம்' என்ற பலகை மாட்டப்பட்டது. முஸ்லிம் என்றதும் இடைக்காலமும், இடைக்காலம் என்றதும் முஸ்லிமும் நினைவுக்கு வரும் பழக்கம் இவ்வாறுதான் வேரூன்றியது. நம் மாணவியின் தோழிக்கு ஜேம்ஸ் மில் யாரென்றே தெரியாது. ஆனாலும் அவள் வாயிலிருந்து வந்தது மில் போட்ட கணக்கின் எச்சம்.

இங்கே இருவரை அருகருகே வைத்துப் பார்ப்போம். சுமார் 1030ஆம் ஆண்டில் அல்-பிரூனி இந்தியாவைப் பற்றி எழுதினார். அதற்காக அவர் சமஸ்கிருதம் கற்றார். பண்டிதர்களிடம் அமர்ந்து கேட்டார். அவர்களுடைய சமயத்தையும் கணிதத்தையும் வானியலையும் அவர்களுடைய நூல்களைக் கொண்டே விளக்க முயன்றார். மஹ்மூத் கஜ்னவியின் படையெடுப்புகள் இந்நாட்டின் வளத்தை அழித்தன என்பதையும், மஹ்மூதின் மகனுடைய ஆட்சியில் இருந்துகொண்டே பதிவு செய்தார். எட்டு நூற்றாண்டுகள் கழித்து மில், பார்க்காத நாட்டைப் பற்றித் தெரியாத மொழிகளின் துணையின்றித் தீர்ப்பு எழுதினார். இவ்விருவரில் 'மெடீவல்' என்று பட்டியலிடப்படுபவர் அல்-பிரூனி. 'மாடர்ன்' என்று பட்டியலிடப்படுபவர் மில்.

தமிழ் மண்ணில் பொருந்தாத சட்டை

வடநாட்டு அரசர்களை மனத்திற்கொண்டு தைத்த இந்தச் சட்டை தமிழ்நாட்டுக்கு அறவே பொருந்துவதில்லை. ஆங்கில நூல்கள் 'மெடீவல்' என்று அழைப்பவர்களுள் 9ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை ஆண்ட சோழர்களும் அடங்குவர். 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயில் அக்காலத்தது. கம்பரும் அக்காலத்தவராகவே எண்ணப்படுகிறார். அச்சொல் வசவு என்றால் அவ்வசவு அவர்களையும் சேர்த்தே சுடும். வீசுபவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

தமிழகத்தில் மதுரை சுல்தான்களின் ஆட்சி 14ஆம் நூற்றாண்டில் அரை நூற்றாண்டுகூட நீடிக்கவில்லை. ஆனால் முஸ்லிம்கள் அதற்கு முன்பே இக்கரையில் இருந்தார்கள். மரக்கலங்களில் வந்த வணிகர்களாகவும், இங்கேயே மணமுடித்துத் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்களாகவும் இருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தைக் கண்ட மார்க்கோ போலோ, ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளுடன் வந்த கப்பல்களைப் பற்றி எழுதினார். பாண்டிய மன்னருக்குத் தகியுத்தீன் என்னும் முஸ்லிம் அமைச்சராக இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்திருக்கிறார். தமிழ் மன்னரின் அவையில் அரபு வணிகக் குடும்பத்தவர் ஒருவர் அமைச்சர்! இதனை மில்லின் எந்த அறையில் வைப்பது? இந்துக் காலத்திலா, முஹம்மதியர் காலத்திலா?

சாந்தோமில் ஒரு விளக்கு

இனி நம்முடைய சாந்தோமுக்கு வருவோம். கடற்கரைச் சாலையின் தென்கோடியில் வெண்ணிறக் கோபுரத்துடன் நிற்கும் பேராலயத்தை நம் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ஈஸா (அலை) அவர்களின் சீடர்களுள் ஒருவரான தோமா இங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. போர்ச்சுகீசியர் இட்ட பெயரே சாந்தோம்.

போர்ச்சுகீசியர் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே, மார்க்கோ போலோ இத்தலத்தைப் பற்றி ஒரு செய்தியை எழுதினார். கிறிஸ்தவர்கள் மட்டுமின்றி முஸ்லிம்களும் இவ்விடத்தை மதித்து வந்தனர் என்றும், தோமாவை முஸ்லிம்கள் 'அவரியான்' என்று அழைத்தனர் என்றும், அதற்குத் 'தூய மனிதர்' என்று பொருள் என்றும் குறித்தார். அது 'ஹவாரீ' என்னும் அரபுச் சொல்லின் திரிபாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதினர். ஈஸா (அலை) அவர்களின் தோழர்களுக்கு அல்லாஹ் தன் திருமறையில் சூட்டியிருக்கும் பெயர் 'ஹவாரிய்யூன்' என்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவோம். ஆலு இம்ரான், மாயிதா, ஸஃப்பு ஆகிய அத்தியாயங்களில் அச்சொல் வருகிறது. திருமறை அவர்களின் பெயர்களைக் கூறவில்லை. ஆயினும் கடல் கடந்து இக்கரைக்கு வந்த முஸ்லிம்கள், ஓர் அயல் சமயத்தவரின் தலத்தைப் பார்த்தபோது, தம் வேதத்தில் கற்ற சொல்லைக் கொண்டே அதை அறிந்துகொண்டார்கள் என்று தோன்றுகிறது.

இன்னொரு செய்தி இதைவிட நெஞ்சைத் தொடுவது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுமார் 1516இல், துவார்த்தே பர்போசா என்னும் போர்ச்சுகீசியர் இந்தியக் கரைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அப்போது மயிலாப்பூர்க் கடற்கரையிலிருந்த தோமாவின் ஆலயம் சிதிலமடைந்து கிடந்தது. அதைப் பேணிக்கொண்டிருந்தவர் ஓர் ஏழை 'மூர்' என்று அவர் எழுதுகிறார். மூர் என்பது போர்ச்சுகீசியர் முஸ்லிம்களைச் சுட்டிய சொல். அந்த ஏழை, மக்களிடம் கையேந்திப் பெற்ற பொருளைக்கொண்டு அவ்வாலயத்தில் விளக்கு எரியச் செய்து வந்தார்.

கல்லறைகளுக்குச் செய்யும் மரியாதை பற்றிய மார்க்கச் சட்டம் தனியே பேச வேண்டியது. அதனை இங்கே நாம் எடுக்கவில்லை. நாம் பார்க்க விரும்புவது அம்மனிதரின் பொறுப்புணர்வை மட்டுமே. ஆலயத்துக்கு உரியவர்கள் பேண வழியின்றி இருந்த காலத்தில், வேறு மார்க்கத்தைச் சேர்ந்த ஒருவர் பிச்சை எடுத்து எண்ணெய் வாங்கினார். மடங்களும் தேவாலயங்களும் யூதர்களின் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்படாமல் அல்லாஹ் காப்பதைப் பற்றி ஹஜ் அத்தியாயத்தின் 40ஆம் வசனம் கூறுகிறது. அம்மனிதர் அவ்வசனத்தை ஓதியிருந்தாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். அவருடைய பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. வரலாற்று வகுப்பின் கணக்கில் அவரும் 'மெடீவல்' மனிதர்தாம்.

ஒரு வேடிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று நாம் காணும் சாந்தோம் பேராலயம் பிரிட்டிஷார் காலத்தில், 1896இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கட்டடப் பாணி கோதிக். அதாவது ஐரோப்பாவின் இடைக்காலப் பாணி! அறிவில் இருண்டதென்று சொன்ன காலத்தையே அழகில் சிறந்ததென்று அவர்கள் மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். தம் இடைக்காலத்தை ரசிக்கத் தெரிந்தவர்களின் மொழியில், பிறருடைய இடைக்காலம் மட்டும் ஏச்சாக நின்றுவிட்டது.

மறைக்கக் கூடாதவை

இவ்வளவையும் கேட்ட பின் பிள்ளைகள் மறுகோடிக்குச் சென்றுவிடும் ஆபத்து உண்டு. "நம்ம காலம் பொற்காலம், எல்லாரும் பொய் சொல்லிட்டாங்க" என்ற பேச்சு சமூக ஊடகங்களில் நிறையவே கிடைக்கிறது. அதுவும் மில் செய்த பிழையேதான்; வண்ணம் மட்டும் வேறு.

1340களில் மதுரை சுல்தான் கியாஸுத்தீனின் முகாமுக்கு வந்தவர் இப்னு பதூதா. சுல்தான் அவருக்கு மனைவி வழி உறவினர். இருவரும் அக்கா தங்கையரை மணந்தவர்கள். விருந்தினராக வந்தவர், தாமே காழியாகப் பணியாற்றியவர். அப்படிப்பட்டவர், பிடிபட்ட கிராமத்து மக்களைப் பெண்கள், குழந்தைகள் என்றும் பாராமல் சுல்தான் கொன்றதைத் தம் பயண நூலில் ஒளிவுமறைவின்றி எழுதினார். இது இழிவான செயல் என்றும், இதன் காரணமாகவே அல்லாஹ் அவனது முடிவை விரைவுபடுத்தினான் என்றும் கண்டித்தார். உறவையும் ஆட்சியையும் ஒரே மார்க்கத்தவர் என்பதையும் அவர் கேடயமாக்கவில்லை. உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்னும் பொருளில் நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் இடும் கட்டளைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கியாஸுத்தீனின் கொடுமையும் இடைக்காலத்தது. அதைக் கண்டித்த இப்னு பதூதாவின் எழுதுகோலும் இடைக்காலத்தது. அவ்வாறே 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் சுட்டதும், 1943இல் வங்கத்தைப் பஞ்சத்தில் சாகவிட்டதும், 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு போட்டதும் நவீன காலத்தவை. அவற்றை யாரும் 'மாடர்ன் கொடுமை' என்று அழைப்பதில்லை. கொடுமை இன்று நடந்தாலும் அதை நேற்றைய கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

நம்மிடமும் ஒரு சொல் உண்டு

பிறரை மட்டும் குறை சொல்லி நிறுத்திவிட்டால் நாம் நேர்மையாளர்கள் ஆக மாட்டோம். கடந்த காலத்தைத் தீர்ப்பிடும் சொல் நம்மிடமும் இருக்கிறது: ஜாஹிலிய்யா. 'அறியாமைக் காலம்' என்று மொழிபெயர்க்கின்றோம். திருமறையில் அச்சொல் நான்கு இடங்களில் வருகிறது. ஜாஹிலிய்யாவின் எண்ணம், ஜாஹிலிய்யாவின் தீர்ப்பு, ஜாஹிலிய்யாவின் அலங்கார வெளிப்பாடு, ஜாஹிலிய்யாவின் வறட்டு வைராக்கியம் என்று அவை அமைகின்றன. நான்குமே குணங்கள், நடத்தைகள். நாள்காட்டியில் கோடு கிழித்து, அதற்கு அந்தப்புறம் பிறந்தவர்கள் அனைவரும் வீணர்கள் என்று திருமறை சொல்லவில்லை.

நபி (ஸல்) அவர்களின் நடைமுறையும் இதையே காட்டுகிறது. நபித்துவத்துக்கு முன், அநீதி இழைக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்பதாக மக்காவில் செய்யப்பட்ட 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கையில் தாம் கலந்துகொண்டதை அவர்கள் பிற்காலத்தில் மகிழ்வுடன் நினைவுகூர்ந்தார்கள்; இஸ்லாத்திலும் அத்தகைய அழைப்பு வந்தால் ஏற்பேன் என்ற கருத்தில் பேசினார்கள். அதே வேளையில், இஸ்லாத்தை ஏற்ற நற்தோழர் அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைச் சொல்லிப் பழித்தபோது, உம்மிடம் ஜாஹிலிய்யா இருக்கிறது என்ற பொருளில் கண்டித்தார்கள். இது ஸஹீஹுல் புகாரீயில் உள்ள செய்தி. அறியாமைக் காலத்தில் நன்மையும் இருந்தது. இஸ்லாமியச் சமூகத்துக்குள் அறியாமையும் நுழையலாம். பிறப்பைச் சொல்லியும் நிறத்தைச் சொல்லியும் மணப்பெண்ணை ஒதுக்கும் நம் வீடுகள் இந்தச் செய்தியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது

அடுத்த வாரம் அந்த மாணவிக்கு நாம் மூன்று செய்திகளைச் சொன்னோம்.

முதலாவது: தேர்வுத்தாளில் 'இடைக்காலம்' என்று தயங்காமல் எழுது. அது காலத்தைக் குறிக்க வசதியான ஓர் அடையாளம். அடையாளத்தை மதிப்பெண்ணாக மாற்றும்போதுதான் தவறு நேர்கிறது.

இரண்டாவது: யாரேனும் உன்னை அச்சொல்லால் அழைத்தால் கோபப்படாதே. "எந்த நூற்றாண்டு? எந்த ஊர்? யார் செய்தது?" என்று அமைதியாகக் கேள். பெரும்பாலும் விடை வராது. வந்தால் நீயும் ஏதேனும் கற்றுக்கொள்வாய். உன் தோழியுடன் பேசுவதை நிறுத்திவிடாதே. முடிந்தால் அவளை அழைத்துச் சென்று சாந்தோமில் விளக்கேற்றிய அந்த ஏழையின் கதையைச் சொல்.

மூன்றாவது: நடு என்னும் சொல்லைக் கண்டு கூச வேண்டாம். பகரா அத்தியாயத்தின் 143ஆம் வசனத்தில் அல்லாஹ் நம்மை 'உம்மத்தன் வஸத்தன்' என்று அழைக்கிறான். வஸத் என்றால் நடு. நீதியுடையது, சிறந்தது என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். இருபுறமும் சாயாமல் சாட்சி சொல்லும் இடம் அது. பழைய காலத்தைக் கண்டு வெட்கப்படவும் வேண்டாம், வீண் பெருமை கொள்ளவும் வேண்டாம். அதைப் பற்றி நீதியாகப் பேசுவதே நம் வேலை.

அவள் சற்று யோசித்துவிட்டு, "அந்த விளக்கு ஏத்தினவர் பேரு தெரியாதா உஸ்தாத்?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றோம். "அல்லாஹ்வுக்குத் தெரியும்ல" என்று சொல்லிவிட்டு அமர்ந்தாள்.

காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் அல்-அஸ்ர் அத்தியாயம் பண்டைக் காலம், இடைக் காலம், நவீன காலம் என்று பிரிப்பதில்லை. எக்காலத்து மனிதனும் இழப்பில் இருக்கிறான். ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, உண்மையையும் பொறுமையையும் ஒருவருக்கொருவர் எடுத்துரைத்தவர்கள் மட்டுமே அதிலிருந்து தப்பியவர்கள் என்று கற்பிக்கிறது. நம் முன்னோர்களை அளக்கவும், நம்மை நாமே அளந்துகொள்ளவும் அந்த அளவுகோலே போதும்.

நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும், கடந்தோரைப் பற்றி நீதியுடன் பேசும் நாவையும் அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.